மாட்டுங்காவில் தானாக நின்ற கார்

ஒரு காரின் பாதுகாப்புக் கருவி செயலிழந்துவிட்டது என்று சொன்னால், ஒரு பெண் தனக்குக் கிடைக்கவிருக்கும் வேலையை இழப்பாள். சொல்லாவிட்டால், அந்தக் காரில் ஏறும் குடும்பம் முழுவதும், இல்லாத ஒரு காவலை நம்பிப் பயணம் செய்யும். இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கும் மதிப்பீட்டாளர் என்ன செய்ய வேண்டும்?

பழைய கார்களை மதிப்பிடும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் எந்தப் பயிற்சி வகுப்பும் இந்தக் கேள்வியைக் கேட்காது. மறுபடி பெயின்ட் அடித்த கதவை அடையாளம் காணவும், வெள்ளத்தில் நின்ற வண்டியை மோப்பம் பிடிக்கவும் அங்கே கற்றுத் தருவார்கள். அவற்றை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு, மாட்டுங்காவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தக் கேள்வி என் முன்னால் வந்து நின்றது. அதைக் கொண்டுவந்தது ஒரு சிறிய கார்.

சிறியது என்றாலும் பெரிய இடத்துக் கார். உயர்தர நிறுவனங்கள் சிறிய குடும்பக் கார் தயாரிக்கும்போது உடம்பைக் குறைக்கின்றன; முகப்பில் இருக்கும் சின்னத்தைக் குறைப்பதில்லை. வண்டி பழையதாகி விற்பனைக்கு வரும்போதும் இறங்குவது உடம்பின் விலைதான், சின்னத்தின் விலை அசையாது. நம் வாடிக்கையாளர்களில் பலர் சின்னத்தைத்தான் வாங்குகிறார்கள். கார் அதனுடன் கூடவே வந்துவிடுகிறது.

ஆனால் சுடலைமுத்து சின்னத்துக்காக வரவில்லை. அவர் வாங்க வந்தது ஒரு பிரேக்கை.

தாராவியில் பள்ளிப் பைகள் தைக்கும் பட்டறை வைத்திருப்பவர் அவர். அவருடைய ஒரே மகள் மாரிச்செல்வி பிசியோதெரபி படித்தவள். நடக்க முடியாத முதியவர்களின் வீடுகளுக்கே சென்று சிகிச்சை அளிக்கும் வேலையை, செம்பூரில் உள்ள ஒரு மருத்துவமனை அவளுக்குத் தர முன்வந்திருந்தது. செம்பூரிலிருந்து வாஷி வரை ஒவ்வொரு வீடாகப் போகவேண்டும். ஆகவே சொந்தமாகக் கார் இருக்க வேண்டும் என்பது அவர்களின் நிபந்தனை. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். தந்தையோ தன் பங்குக்கு ஒரு நிபந்தனை வைத்திருந்தார். மகள் கார் ஓட்டலாம்; ஆனால் அந்தக் கார் தானாக பிரேக் போடுகிற காராக இருக்க வேண்டும்.

இந்த நிபந்தனையின் மூலகர்த்தா மாரிச்செல்வியின் தாய்மாமன் தங்கராஜ். டோம்பிவிலியில் வசிப்பவர். தினமும் லோக்கல் ரயிலில் ஃபோர்ட்டில் உள்ள அலுவலகத்துக்குப் போய்வருகிறவர். சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இல்லாத அவர், அந்த நீண்ட ரயில் பயணங்களில் கைபேசியில் காணொளிகள் பார்த்தே கார்களில் கரைகண்டவர் ஆகிவிட்டிருந்தார். சாலையின் குறுக்கே தள்ளப்படும் பொம்மைக் குழந்தையைக் கண்டதும் ஒரு கார் தானாக நிற்கும் காட்சியை அவர்தான் சுடலைமுத்துவிடம் காட்டினார். அன்றிலிருந்து சுடலைமுத்துவுக்கு உலகில் இரண்டே வகைக் கார்கள்: தானாக நிற்பவை, மகளைக் கொல்பவை.

நான் போய்ச் சேர்ந்தபோது மாட்டுங்காவின் அந்தப் பழைய கட்டடத்து வளாகத்தில் பெண் பார்க்க வந்தவர்கள் போல மூவரும் காரைச் சுற்றி நின்றிருந்தார்கள். தங்கராஜ் ஒரு கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

“சத்தத்தைக் கேளுங்க அத்தான். டொப்புனு விழுதுல்லா? அதாம் ஜெர்மன் கதவு.”

“கதவு கிடக்கட்டும் மாப்ள. பிரேக்கைச் சொல்லு.”

விற்பவர் நாகராஜன், தனியார் நிறுவனமொன்றில் உயர்பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு டொப்புக்கும் அவர் முகம் சுருங்கியது. “மெதுவா சார், மெதுவா. இது எங்காத்துல ஒரு மெம்பர் மாதிரி. மழையில ஒருநாள்கூட நனையவிட்டதில்ல” என்றார். குடும்ப உறுப்பினரை எதற்காக விற்கிறார் என்று யாரும் கேட்கவில்லை.

காரின் முகப்பில், அந்தப் புகழ்பெற்ற சின்னத்தை மறைத்தபடி, எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாய்களும் கோத்த சரம் தொங்கியது. மும்பையில் சனிக்கிழமைதோறும் கடைவாசல்களிலும் டாக்சிகளிலும் கட்டுகிறார்களே, கண்ணேறு கழிக்கும் அதே சரம். உள்ளே, ஓட்டுநருக்கு எதிரே உள்ள திரையில், தானியங்கி பிரேக் இயங்கவில்லை என்று அறிவிக்கும் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

இவ்வகைக் காரில் முன்னால் வருவதைக் கண்டறியும் ராடார் அந்தச் சின்னத்துக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறது. சின்னம் மறைந்தால் ராடாருக்குக் கண் மறைந்துவிடும்.

“பழத்தினாலதான் மேடம் அந்த லைட்” என்றார் நாகராஜன் உடனே. “எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆத்துக்காரி கட்டினது. எடுத்துட்டா லைட் அணைஞ்சுடும்.”

“அப்ப எடுத்துட்டுப் பார்க்கலாமே சார்.”

அந்த வளாகத்தில் திடீரென்று யாருக்கும் கைகள் இல்லாமல் போயின. மனைவி கட்டியதைத் தான் அவிழ்த்தால் மதியச் சாப்பாடு கிடைக்காது என்றார் நாகராஜன். அடுத்தவர் கட்டியதைத் தொட்டால் அவர்கள் மேல் விழுந்த கண் தன் மேல் ஏறும் என்று சுடலைமுத்து இரண்டடி பின்வாங்கினார். உண்மையில் அவருக்கு அந்தச் சரம் மிகவும் பிடித்திருந்தது.

“அது இருந்துட்டுப் போட்டும் மேடம். புள்ளை ஓட்டப்போற வண்டி. நாலு பேரு கண்ணு படுமில்லா?”

“இது இருந்தா வண்டிக்குக் கண்ணு தெரியாதுங்க. தானா நிக்காது.”

அவர் ஆழ்ந்த சிந்தனையில் மூழ்கினார். மகளைக் காக்க இரண்டு காவல்காரர்களை அவர் ஏற்பாடு செய்திருந்தார். முதல் காவல்காரன் இரண்டாமவனின் கண்ணைப் பொத்திக்கொண்டு நிற்கிறான் என்று நான் சொல்கிறேன். எவனை வேலையிலிருந்து நீக்குவது?

தங்கராஜ் உதவிக்கு வந்தார். “பின்னாடி கட்டிருவோம் அத்தான். டிக்கில. கண்ணு எந்தப் பக்கத்துல இருந்தும் வரலாம்லா?”

சரத்தை நான்தான் அவிழ்த்தேன். தரையில் போட்டால் யாராவது மிதித்துவிடுவார்கள் என்று ஆண்கள் மூவரும் ஒரே குரலில் கூவியதால், வளாகத்துக் கேட்டின் ஆணியில் மாட்டினேன். காரை எடுத்துக்கொண்டு தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். விளக்கு அணையவில்லை.

“கொஞ்சம் டைம் எடுக்கும்” என்றார் நாகராஜன். “சிஸ்டம் செட் ஆகணும் பாருங்கோ.”

இளம் நண்பர்களே, இப்படிப்பட்ட நேரத்தில் கருவியை எடுப்பதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். நான் அவரைத் தனியே அழைத்து, சரத்தை முதன்முதலில் எப்போது கட்டினார்கள் என்று கேட்டேன்.

“வாஸ்தவத்துல... ஆத்துக்காரி கேட் தூண்ல ஒரு சின்ன இடி இடிச்சுட்டா. மைனர்தான். திருஷ்டின்னு சொல்லி மறுநாள் கட்டினா. அதிலிருந்து வாராவாரம் மாத்துவா.”

“லைட் எப்ப வந்தது?”

அவர் கேட் தூணைப் பார்த்தார். சின்னத்தை நான் தொட்டுப் பார்த்தேன், அசல் அல்ல. இடிபட்ட பிறகு மாட்டியது; உதிரிபாகச் சந்தையில் கிடைக்கும் பளபளப்பான உலோகப் பூச்சுடையது. ராடாருக்கு அது இரும்புக் கதவு. உள்ளே ராடாரைத் தாங்கும் சட்டமும் வளைந்திருந்தது. அந்த மனிதர் ஏமாற்றுக்காரர் அல்ல என்றே இன்றும் நினைக்கிறேன். விளக்கு எரிந்ததற்கு விலை குறைவான ஒரு காரணம் கிடைத்தது. வாராவாரம் அதைப் புதுப்பித்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கிறார். படித்தவர்கள் நம்பிக்கை இல்லாமலேயே எலுமிச்சம்பழத்தால் பயனடையும் வழி அது.

மற்றபடி கார் நன்றாகவே இருந்தது. என்ஜினில் குறையில்லை, கியர் வழுக்கவில்லை, கால் பிரேக் உறுதியாகப் பிடித்தது. தானாக நிற்பது ஒன்றுதான் அதனால் முடியாது. அந்த ஒன்றுக்காகத்தான் அவர்கள் வந்திருந்தார்கள்.

நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது மாரிச்செல்வி அருகில் வந்தாள். அதுவரை அவள் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை. அவளிடம் யாரும் எதையும் கேட்கவும் இல்லை. தந்தையும் மாமனும் டிக்கியில் எத்தனை மூட்டை ஏறும் என்று விவாதித்துக்கொண்டிருப்பதை உறுதிசெய்துகொண்டு மெல்லக் கேட்டாள்.

“அது போயிட்டுல்லா மேடம்?”

“ஆமா.”

“அப்பாகிட்ட சொல்லாதீங்க. எலுமிச்சம்பழத்தாலதான், சரியாயிரும்னு சொல்லிருங்க. வண்டி தானா நிக்கும்னு அவரு நம்பிட்டுப் போட்டும். பிரேக்கை நான் போட்டுக்கிடுதேன்.”

“இந்த வண்டி இல்லன்னா வேற பார்க்கலாமேம்மா.”

“நாளைக்கு நான் பதில் சொல்லணும் மேடம். தானா நிக்கிற வண்டில எங்களுக்குக் கட்டுபடியாகுறது இது ஒண்ணுதான். இதுவும் இல்லன்னா, ‘வேலை எங்க போயிரப்போவுது, அடுத்த வருசம் பாப்போம்’னு சொல்லிருவாரு. போன வருசமும் அதேதான் சொன்னாரு.”

அவள் அழவில்லை, கெஞ்சவும் இல்லை. நடைமுறைச் சாத்தியமுள்ள ஒரு திட்டத்தை முன்வைத்தாள். அதில் குறை காண்பதும் எளிதாக இல்லை. கால் பிரேக் நன்றாக இருக்கிறது. ஓட்டப்போகிறவளுக்கு உண்மை தெரியும். நம்பிக்கை தேவைப்படுகிறவருக்கு நம்பிக்கை கிடைக்கிறது. ஆனால் அறிக்கை அவள் ஒருத்திக்காக எழுதப்படுவதில்லை. நாளை சுடலைமுத்து ஒரு டிரைவரை வைப்பார், அவனிடம் “பயப்படாம ஓட்டு, அதுவே நிக்கும்” என்பார். தங்கராஜ் யாரையாவது நம்பவைப்பதற்காகப் பொம்மைக்குப் பதில் தானே குறுக்கே போய் நிற்கக்கூடியவர். அது தவிர, இன்னொன்றும் என்னை உறுத்தியது. இல்லாத ஒரு கருவியின் பெயரால் அவளுக்குக் கிடைக்கும் அனுமதி, அந்த விளக்கின் பொருள் என்னவென்று யாராவது ஒரு மெக்கானிக் வாய்தவறிச் சொல்லும் நாளில் பறிபோகும். உண்மையைச் சொன்னாலோ அது இன்றே பறிபோகும்.

அவளுக்கு நான் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. “நீ வண்டியை எடு. ஒரு சுற்று போய்ட்டு வருவோம்” என்றேன்.

சுடலைமுத்து ஒப்பவில்லை. “அவ எதுக்கு மேடம்? நீங்க ஓட்டுங்க, இல்ல தங்கராசு ஓட்டட்டும்.”

தங்கராஜ் சட்டைப்பையைத் தடவினார். “லைசென்ஸ் டோம்பிவிலில இருக்கு அத்தான்.”

“எங்க ஆபீஸ் ரூல்” என்றேன் நான். “வாங்கின பிறகு யார் ஓட்டப் போறாங்களோ, அவங்கதான் ஓட்டிக் காட்டணும்.” அப்படி ஒரு விதி அப்போது இல்லை. உண்மையைச் சொல்வதா வேண்டாமா என்று அத்தனை நேரம் தர்க்கம் செய்துகொண்டிருந்தவளின் வாயிலிருந்து பொய் எவ்வளவு சரளமாக வந்தது என்பதையும் நீங்கள் கவனிக்கலாம்.

மாரிச்செல்வி ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தாள். நான் அவள் பக்கத்தில். பின்னிருக்கையில் சுடலைமுத்து, தங்கராஜ், தன் குடும்ப உறுப்பினரைத் தனியே அனுப்ப மனமில்லாத நாகராஜன் ஆகிய மூவரும் தோளோடு தோள் இடிபட உட்கார்ந்தார்கள். சிறிய குடும்பம் என்று அந்த நிறுவனம் எதைக் கருதியது என்பது அப்போது எனக்குப் புரிந்தது.

கண்ணாடிகளைத் தனக்கேற்பத் திருப்பிக்கொண்டு அவள் வண்டியை வெளியே எடுத்தாள். மாட்டுங்கா மார்க்கெட் அந்த நேரத்தில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பூக்கூடைகள், கறிவேப்பிலைக் கட்டுகள், தப்பான திசையில் வரும் ஸ்கூட்டர்கள், வாழையிலைக் கட்டுக்குப் பின்னால் தலை தெரியாமல் நடப்பவர்கள். அவள் அவசரப்படாமல், தேவையில்லாமல் ஹாரன் அடிக்காமல் ஓட்டினாள். ஒரு சந்தின் முனையில், முன்னும் பின்னும் இளநீர்க் குலைகள் தொங்க, ஒருவர் சைக்கிளோடு எங்கள் பக்கம் பார்க்காமலேயே குறுக்கே வந்தார்.

கார் நின்றது. குலுக்கல் இல்லை, கிறீச்சிடல் இல்லை. சைக்கிள்காரர் கடைசிவரை எங்களைப் பார்க்காமலேயே கடந்து போனார்.

பின்னாலிருந்து சுடலைமுத்துவின் குரல் கோயில் மணி போல ஒலித்தது. “பாத்தியால தங்கராசு! நின்னுட்டு பாத்தியா! தானா நின்னுட்டு!”

“நான் சொன்னேம்லா அத்தான்! சென்சார்! ஏக்தம் பக்கா சென்சார்!”

சுடலைமுத்து கண்கள் பனிக்க நாகராஜனின் கையைப் பிடித்துக்கொண்டார். “சார், உங்க வண்டிக்கு மனுச புத்தி இருக்கு.”

நாகராஜன் தொண்டையைக் கனைத்தார். “நல்ல கம்பெனி சார்” என்றார். அது பொய்யல்ல.

திரையில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. மாரிச்செல்வி என் பக்கம் திரும்பாமல், சாலையைப் பார்த்தபடி, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் காருக்குள் உண்மையால் லாபமடையக்கூடியவர் ஒருவரும் இல்லை. விற்பவருக்குக் கார் விற்கும், வாங்குபவருக்கு நிம்மதி கிடைக்கும், நிபுணர் தங்கராஜுக்கு மரியாதை, மகளுக்கு வேலை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். உங்கள் பணிக்காலத்தில் இப்படி எல்லோரும் ஒருசேர மகிழ்ந்திருக்கும் தருணங்கள் வரும். அவற்றைக் கண்டு பயப்படுங்கள்.

“வண்டி நிக்கலைங்க” என்றேன். “அந்தக் கருவி கெட்டுப்போயிருக்கு. பழத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. இடிபட்டதுல ராடார் சட்டம் வளைஞ்சிருக்கு, சின்னமும் டூப்ளிகேட். இந்த வண்டி இப்ப தானா எதுக்கும் நிக்காது.”

யாரோ ஏசியை அணைத்ததுபோல் இருந்தது.

“பொறவு எப்படி நின்னுச்சு?” என்றார் சுடலைமுத்து.

நான் மாரிச்செல்வியைப் பார்த்தேன். அது என் பதில் அல்ல.

“நான்தாம்ப்பா நிறுத்துனேன்” என்றாள் மாரிச்செல்வி.

தங்கராஜ் சிரித்தார். “லக்குல நிறுத்திருக்கா அத்தான்.”

“மாமா, லக்குங்கறது காலைல டோம்பிவிலி ஃபாஸ்ட் ரயில்ல உங்களுக்கு உக்கார சீட்டு கிடைக்கறது. இது பிரேக்கு.”

நாகராஜன் இருமுவதுபோல் சிரிப்பை மறைத்தார். சுடலைமுத்து சிரிக்கவில்லை. காரை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினாள். இதற்குமுன் எங்கே ஓட்டிப் பழகினாள் என்று கேட்டேன்.

“எங்க டெம்போதான் மேடம். டிரைவர் வராத அன்னிக்குப் பை மூட்டையை தாதர் மார்க்கெட்டுல நான்தான் கொண்டு இறக்குதேன்.”

நான் பின்னால் திரும்பி சுடலைமுத்துவைப் பார்த்தேன். அவர் சற்று நெளிந்தார்.

“அது நம்ம சரக்கு மேடம். அவசரத்துக்கு ஓட்டுதா. அது வேற.”

“சரக்கு வேற, சரிங்க. அந்த டெம்போ தானா நிக்குமா?”

“அது எங்க நிக்கும்? பழைய வண்டி.”

சொல்லி முடித்தபோதுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. தாதர் மார்க்கெட்டின் நெரிசலுக்குள், தானாக நிற்காத ஒரு வண்டியில், தன் மூட்டைகளோடு மகளை அவர் பலமுறை அனுப்பியிருக்கிறார். அப்போதெல்லாம் அவருக்கு எந்தப் பயமும் வந்ததில்லை. அந்த இடத்தில் மதிப்பீட்டாளர் சொற்பொழிவு ஆற்றத் தொடங்கினால் வாடிக்கையாளர் கோபப்படுவார். கோபம் வந்தால் அவருக்கு யோசிக்கும் வேலை மிச்சமாகிவிடும்.

சுடலைமுத்து கதவைத் திறந்து இறங்கினார். என் பக்கம் வந்து, “நீங்க கொஞ்சம் பின்னாடி உக்காருங்க மேடம்” என்றார். நான் பின்னால் போய் தங்கராஜின் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டேன். அவர் முன்னிருக்கையில் அமர்ந்து, “கிங்ஸ் சர்க்கிள் வரைக்கும் போம்மா” என்றார்.

அந்தப் பயணம் முழுவதும் அவர் சாலையைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து மகளின் வலது காலையே பார்த்துக்கொண்டு வந்தார். பஸ் ஒன்று திடீரென்று ஒதுங்கியது. கால் நகர்ந்தது, வண்டி வேகம் குறைந்தது. சிக்னல் மாறியது, கால் நகர்ந்தது, வண்டி நின்றது. ஒவ்வொரு முறையும் அவர் “ம்” என்றார். தங்கராஜ் ராடாரின் அலைவரிசையைப் பற்றி ஏதோ தொடங்கினார்.

“சும்மா இருல” என்றார் சுடலைமுத்து, தலையைத் தூக்காமலேயே. “கால்தான் போவுது. ஒவ்வொரு வாட்டியும் புள்ளை காலுதான் போவுது.”

வளாகத்துக்குத் திரும்பியதும் நாகராஜன் அசல் சின்னத்தைத் தன் செலவிலேயே மாற்றித் தருவதாகச் சொன்னார். சுடலைமுத்து மரியாதையாகக் கைகூப்பினார். “வேண்டாம் சார். இருக்கிற பிரேக்குக்கு எதுக்கு இன்னொரு வெலை?” என்று சொல்லிவிட்டு, மகளிடம் கடுமையாக, “ஆஸ்பத்திரிக்காரங்ககிட்ட வாறேன்னு சொல்லு. ஆனா இருட்டுமுன்ன வீடு வந்துரணும்” என்றார்.

“கடைசிப் பேசண்ட் வாஷில இருந்தா எப்படிப்பா?”

“அதைப் பொறவு பேசுவோம்.”

அது முழு வெற்றி அல்ல. மனிதர் ஒரே காலையில் அவ்வளவு தூரம்தான் வர முடியும். என் அறிக்கையில் இருந்தது இருந்தபடி எழுதினேன். அந்த விற்பனை நடக்கவில்லை. வாங்கும் தரப்பின் மனத்தைக் கலைத்தேன் என்று எங்கள் அலுவலகத்துக்குப் புகார் வந்தது. எழுதியவர் நாகராஜன் அல்ல, தங்கராஜ்.

மாரிச்செல்வி திங்கட்கிழமை பதில் சொன்னாள். தானாக எதையும் செய்யாத ஒரு சாதாரண நிறுவனத்துச் சிறிய காரில் செம்பூருக்கும் வாஷிக்கும் போய்வருகிறாள். நான் அன்று இட்டுக்கட்டிய விதியை மறுவாரமே எழுத்தில் கொடுத்தேன், அலுவலகம் ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு, ஓட்டப்போகிறவர் ஓட்டிக் காட்டாத எந்தக் காரின் அறிக்கையிலும் நான் கையெழுத்துப் போடவில்லை.